கிழிக்கக் கிழிக்க வளரும் சங்கிலி

அன்புக்கும் அதைவிடச் சற்று அதிகமாகப் பயத்துக்கும் உரிய ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம் என்றே வைத்துக்கொள். அங்கே நீயும், மகளும், பிறந்ததிலிருந்து யாரையும் தூங்கவிடாத பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான்; ஆனால் நான் வாயைத் திறந்ததும் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், மாப்பிள்ளை இருமுகிறார், நான் சாப்பாட்டை விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

நீ வரும் வரை உன் வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "கிறிஸ்துமஸ் கைவேலை மட்டும்தான் சார், பிள்ளைங்க பாட்டுக்கு ஒட்டுவாங்க, நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றார். ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக நெரிசலைச் சமாளித்தவனுக்கு ஒரு வகுப்பு எம்மாத்திரம் என்று போனேன். முதல் நாளே அட்டைக் குழலில் கிறிஸ்துமஸ் தாத்தா செய்தோம். அவர் தாடிக்கு வைத்திருந்த பஞ்சு, பசை பட்ட என் மீசையில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் மீசையும் சேர்ந்து வருகிறது. மறுநாள் ஜிகினாத் தூள். ஒருத்தன் சரியாக அதன் மேல் தும்மினான். இப்போது என் காதில், காபியில், வீட்டில் உன் தலையணையில்கூட மினுங்குகிறது. தலையணையை மட்டும் உதறவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வினை சங்கிலியில்தான் வந்தது. கிளம்புவதற்கு முன் நீதானே கலர்பேப்பரை வளையம் வளையமாகக் கோத்துக் கரும்பலகைக்கு மேல் மாட்டி, "தினம் ஒண்ணு கிழிங்க, கடைசி வளையம் கிழியற அன்னைக்கு நான் வந்துடுவேன், சேர்ந்து பெரிய நட்சத்திரத்தைக் கட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய்? டிக்கெட் கிழித்த கையல்லவா, நானும் ஆசை ஆசையாகக் கிழிக்கவைத்தேன். சங்கிலி குட்டையாவதில் பிள்ளைகளைவிட எனக்குத்தான் சந்தோஷம். அப்போது பார்த்து மகள், "அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்பா" என்றாள். பெற்ற பெண் கேட்கிறாள், மாட்டேன் என்பேனா? "அதுக்கென்னம்மா, தாராளமா இருக்கட்டும்" என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் நாலைந்து வளையம்தான் பாக்கி.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை. மணியடித்து எல்லாரும் போனபின் பெஞ்சில் ஏறிப் புது வளையங்களை ஒட்டத் தொடங்கினேன். காலையில் அவர்கள் ஒன்று கிழித்தால் சாயங்காலம் நான் இரண்டு ஒட்டுகிறேன். முன்பல் விழுந்த அந்தக் குட்டிக்கு வக்கீலம்மா என்று நீ பெயர் வைத்தாயே, அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"தாத்தா, கிழிக்கக் கிழிக்க சங்கிலி ஏன் வளருது?"

"கிறிஸ்துமஸ் இந்த வருஷம் கொஞ்சம் லேட்டும்மா."

"கிறிஸ்துமஸ் எப்படி லேட்டா வரும்?"

"எல்லா வண்டியும்தான் லேட்டா வருது."

"காலண்டர்ல சரியாத்தானே இருக்கு? டீச்சர்தான் லேட்டு. நீங்க அழாதீங்க தாத்தா."

அழவில்லை. ஜிகினா கண்ணில் விழுந்துவிட்டது.

ஆகவே நீ அவசரப்படாதே. குழந்தைக்குத் தலை நிற்கும் வரை இருந்துவிட்டே வா. இங்கே ஒரு குறையும் இல்லை. தினமும் பழக்கதோஷத்தில் இரண்டு தம்ளர் காபி கலந்துவிடுகிறேன், இரண்டாவதையும் நானே குடித்துவிடுகிறேன், அவ்வளவுதான். வளையத்துக்குக் காகிதம் நிறைய இருக்கிறது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், பேத்திக்கு முத்தம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் வகுப்பின் தற்காலிக டீச்சர்

பி.கு.: மேலே உள்ளதை மகளுக்குப் படித்துக் காட்டு, இதை நீ மட்டும் படி. இன்று நான் பசை எடுக்கப் போன நேரத்தில் வக்கீலம்மா தலைமையில் எல்லாரும் பெஞ்சில் ஏறி, மிச்சமிருந்த சங்கிலியை ஒரே மூச்சில் கிழித்துப் போட்டுவிட்டார்கள். "தீந்துபோச்சு தாத்தா, நாளைக்கு டீச்சர் வந்துடுவாங்க!" என்று ஒரே கைதட்டல். திட்டத்தான் வாயெடுத்தேன். அவர்களுக்கு எட்டாமல் ஒரே ஒரு வளையம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான்தான் கிழித்தேன். பெரிய நட்சத்திரம் இன்னும் தரையில்தான் கிடக்கிறது. என்னால் முடியவில்லை. மகளையும் பேத்தியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாலும் சரிதான், கிளம்பி வந்துவிடு.