மக்காவ் போய் ஆடாமல் வந்தவர்

இமயமலை ஏறியவர்கள் உண்டு. நடுக்கடலில் படகு கவிழ்ந்து சுறாவோடு சண்டை போட்டுக் கரை சேர்ந்தவர்கள் உண்டு. புலியின் வாய்க்குள் தலையை விட்டு, அது கொட்டாவி விடும்வரை பொறுமையாகக் காத்திருந்து, தலையைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள்கூட எங்கேயாவது இருக்கலாம். இவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட வேண்டிய ஒரு மகாவீரர் அண்ணனூரில் குடியிருக்கிறார். மக்காவ் என்கிற சூதாட்டப் பட்டணத்துக்குப் போய், நான்கு நாள் தங்கி, ஒரு பைசாவுக்குக்கூட ஆடாமல் திரும்பியவர். மனித குலம் தோன்றிய நாள் முதல் இப்படியொரு சாதனை நடந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவர்தான் சொல்கிறார்.

அவர் ஒருவர்தான் என்று நினைத்து நிம்மதி அடையாதீர்கள். இது ஒரு இனம். பம்ப்செட், டைல்ஸ், பெயின்ட், டயர் விற்கும் கடைகளின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இந்த இனம் வளர்கிறது. வருஷத்துக்கு இத்தனை சரக்கு விற்றால் கம்பெனி செலவில் வெளிநாடு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. டீலர் டூர் என்று பெயர். அறுபது கடைக்காரர்களுக்கு ஒரே கலரில் டீ-ஷர்ட் மாட்டி, ஒரே கலரில் தொப்பி கவிழ்த்து, கொடி பிடித்த ஒருவர் பின்னால் விரட்டிக்கொண்டு போய், சாம்பார் கிடைக்கும் ஓட்டலாகப் பார்த்து அவிழ்த்து விடுவார்கள். போகும்போது சாதாரண மனிதர். வரும்போது இந்த இனம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்பச் சுலபம். ஊர் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

"ஆடலப்பா" என்பார்.

சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். "எல்லாரும் ஆடுனாங்க. நான் ஆடல." மழை பெய்ததா என்று கேளுங்கள். ஆடாததற்கும் மழைக்கும் ஒரு சம்பந்தம் உண்டாக்கித் தருவார்.

நம்முடைய வீரரின் பெயர் மேக்ஸ்வெல். திருமழிசை நெடுஞ்சாலை ஓரத்தில் மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை. தங்கமான மனிதர், யார் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமைகூட ஸ்பானரோடு வந்து நிற்பார். அப்படிப்பட்டவர் மக்காவ் போய்வந்த பிறகு, தண்ணீர் ஏறாத மோட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அந்த ஊர்க் கடைவீதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரர் வாளியோடு நிற்பார். பாவம், அவர் குளித்திருக்கமாட்டார்.

என்ன பேசுவார்? ஆட்டக்கூடத்தைத் தவிர அந்த ஊரில் இருக்கிற எல்லாவற்றையும். அங்கே ஒரு மாலில் மூன்றாவது மாடியில் கால்வாய் ஓடுகிறதாம். கால்வாயில் படகாம். படகுக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு பாட்டு வேறு பாடுவாராம். மேலே வானமாம். வானம் என்றால் பெயின்ட் அடித்த வானம். எந்நேரமும் சாயங்காலம் ஐந்தரை மணி போலவே இருக்குமாம். நீங்களும் நானும் இதைப் பார்த்தால் வாயைப் பிளப்போம். மேக்ஸ்வெல் அங்கிள் அப்படியில்லை. அவர் படிக்கட்டு இறங்கி இரண்டாவது மாடிக்குப் போய், கால்வாய்க்கு நேர் கீழே நின்று, கூரையை அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

"ஒரு சொட்டு ஒழுகலடா. ஈரக்கறைகூட இல்ல."

இதை அவர் கடையில் சொன்னபோது பச்சையப்பன் அங்கே இருந்தார். அவர் பிளம்பர். திருமழிசையில் மூன்றாவது மாடியில் ஒரு சாதாரண கக்கூஸ் கட்டினாலே இரண்டாவது மாடிக்காரர் தன்னிடம் சண்டைக்கு வருவதை வைத்துப் பிழைப்பவர். அவருக்கு இது தாங்கவில்லை.

"யாராண்ட கதை உடுற அண்ணாத்தே? மூணாவது மாடில ஆறு ஓடுது, கீய ஒயுவலயா? வேலக்காரன் அத்தினி பேரும் தெய்வமா?"

அங்கிள் உடனே போனை எடுத்தார். இந்த இனத்தின் போனை நீங்கள் பார்க்க வேண்டும். கூரை, கூரை, கூரை, குழாய், நீரூற்று, கூரை. நீரூற்று பாட்டுக்கு ஆடுகிறது என்று உலகமே வியந்து வீடியோ எடுக்க, இவர் தண்ணீர் கிளம்புகிற ஓட்டையைத் தேடி ஜூம் செய்து எடுத்திருக்கிறார், எத்தனை ஹெச்பி மோட்டாராக இருக்கும் என்று. பாரிசில் இருக்கிற இரும்புக் கோபுரத்தைப் பாதி உயரத்துக்கு அங்கே கட்டி வைத்திருக்கிறார்களாம்; அதன் அடியில் நின்று துருப்பிடித்திருக்கிறதா என்று ஒரு குளோசப். நானூறு படத்தில் ஒரு சீட்டுக்கட்டு இல்லை, ஒரு மேசை இல்லை, மேசையின் காலைப்போல ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சுத்தமான ஆல்பத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் வராது? எனக்கு வந்தது.

அடுத்தது கடைகள். கைப்பை விற்கிற ஒரு கடைக்கு வெளியே கயிறு கட்டி, ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்களாம், நம்மூரில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நின்ற மாதிரி. கதவைத் திறந்துவிடுகிற ஆள் வெள்ளைக் கையுறை போட்டிருப்பாராம். அங்கிளும் நின்றிருக்கிறார். உள்ளே போய், ஒரு பையைத் தூக்கி, திருப்பி, கைப்பிடித் தையலை இழுத்துப் பார்த்து, விலை கேட்டிருக்கிறார். இந்த இனம் எந்த விலையையும் ரூபாயில் சொல்லாது. தான் விற்கிற சரக்கில்தான் சொல்லும்.

"நம்ம ஒன்றரை ஹெச்பி மோட்டாரு முப்பது. அந்தப் பைக்கு ஜிப்புகூட கெடையாது."

வாங்கினாரா? வாங்குவாரா? கூட வந்த ஒரு கோயம்புத்தூர் டீலர் சாவிக்கொத்து ஒன்று வாங்கினாராம். அவரிடம் கெஞ்சி, அந்தக் கடையின் பெயர் போட்ட காகிதப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு, மடிப்புக் கலையாமல் பெட்டியின் அடியில் வைத்து, கடல் கடந்து கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். ஞானகுமாரி ஆன்ட்டி அதில்தான் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் வைத்துக் கோயிலுக்கு எடுத்து வருகிறார். அண்ணனூரில் சங்கீதங்கள் இவ்வளவு அந்தஸ்தாகப் பயணம் செய்ததில்லை.

ஆன்ட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். வாரவாரம் காணிக்கை எண்ணுகிறவர். குரலே உயராது. டூருக்கு டிக்கெட் ஒருவருக்குத்தான் என்றபோதும் முகம் சுளிக்கவில்லை. விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது மட்டும், பெட்டியில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாராம்: "சுத்திப் பாருங்க, நல்லா சாப்டுங்க. அந்த ஆட்டக்கூடத்துல மட்டும் கால் வெச்சீங்கன்னா, அந்தக் காலோட நம்ம ஊட்டுக்குள்ள வராதீங்க." ஆன்ட்டியின் அப்பா சீட்டாட்டத்தில் வீட்டை விட்டவர். அதனால் இது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று அங்கிளுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஆகவே வந்த முதல் ஞாயிறே அங்கிள் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் தன்னைச் சோதனையின் வாசல் வரை கொண்டுபோனார், விழாமல் காத்தார் என்றார். அந்த ஊரில் முன்சுவர் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு பழைய தேவாலயத்தைப் பார்த்ததையும் சேர்த்துக்கொண்டதால், கேட்டவர்களுக்கு அவர் ஏதோ புனித யாத்திரை போய்வந்தது போலத் தோன்றியது. ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆன்ட்டி தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். இந்த இனம் எதையாவது அதோடு விட்டதுண்டா? அடுத்த ஞாயிறும் சாட்சி. அதற்கடுத்த ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் எங்களுக்குத் தனியாக ஒரு சாட்சி.

ஒரு மனிதனால் எவ்வளவுதான் தாங்க முடியும்? அம்பத்தூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில், சிறுவர்கள் சீட்டு விளையாட பிளாஸ்டிக் வில்லைகள் விற்கிறார்கள். சிவப்பு நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு, நடுவில் நூறு என்று எண். சினிமாவில் சூதாட்ட மேசையில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே அச்சு. ஒன்று வாங்கினேன். காணிக்கைப் பை பிடிக்கிற முறை அந்த ஞாயிறு என்னுடையது. அங்கிள் உட்கார்ந்த வரிசையைத் தாண்டியதும் வில்லை பைக்குள் விழுந்தது. எப்படி விழுந்தது என்று கேட்காதீர்கள். சில பொருள்கள் தானாக விழும்.

ஆராதனை முடிந்து பின்னறையில் பையைக் கவிழ்த்தார்கள். பொருளாளர் டேவிட் தாத்தா, ஞானகுமாரி ஆன்ட்டி, சபைக் கமிட்டி சார்பில் கையெழுத்துப் போட மேக்ஸ்வெல் அங்கிள், பை கொண்டுவந்த நான். நோட்டுகளுக்கு நடுவில் வில்லை உருண்டு வந்து நின்றது. இதோ வெடிக்கப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வெடிக்கவில்லை. டேவிட் தாத்தா அதை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய், எந்த நாட்டு நாணயம் என்று யோசித்தார். கோட்டுப் பொத்தானாக இருக்கும் என்றார் ஆன்ட்டி. பொத்தான் என்றால் ஓட்டை எங்கே என்று தாத்தா கேட்டார். ஆவடியில் ஒரு பரோட்டாக் கடையில் இதே மாதிரி டோக்கன் கொடுப்பார்கள் என்று ஆன்ட்டி சொல்ல, தாத்தாவும் அதை ஏற்றுக்கொண்டு, அப்படியென்றால் யாரோ சாப்பிடாமல் காணிக்கை போட்டிருக்கிறார்கள் என்று உருகினார். இவ்வளவு வெள்ளந்தியான மனிதர்களுக்கு நடுவில் ஒருவன் எப்படிக் குறும்பு செய்து முன்னேறுவது? எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆன்ட்டி, இது கேசினோ காசு மாதிரி கீது" என்றேன்.

ஆன்ட்டி வில்லையை எடுத்து அங்கிள் பக்கம் நீட்டினார். மற்ற கையிலிருந்த நோட்டுகளைக் கீழே வைத்துவிட்டார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஏங்க. அங்க குடுக்கறது இதுவா?"

அங்கிள் வாங்கினார். உள்ளங்கையில் போட்டு இரண்டு முறை மெல்லத் தூக்கிப் பார்த்தார், எடை பார்ப்பதுபோல. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். பிறகு மேசையில் வைத்தார்.

"எனக்கு இன்னா தெரியும் ஞானம்? உள்ள போனாத்தான தெரியும்."

ஆன்ட்டி அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். "ஓய்வுநாள் பள்ளிப் புள்ளைங்க வெளாட்டுச் சாமான்ல போட்டுடறேன்" என்று சொல்லி வில்லையை எடுத்து வைத்துக்கொண்டு, பத்து ரூபாய் நோட்டுகளை எண்ண ஆரம்பித்தார்.

ஆனால் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டேன். கையில் பிடித்தே அறியாத ஒரு பொருளை யாராவது எடை பார்ப்பார்களா?

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வார்த்தை. ஐயா, அம்மா, ரொம்பச் சிரிக்காதீர்கள். காதலித்துப் பிரிந்தவள் குடியிருக்கும் தெரு வழியாகப் போய்விட்டு, வீட்டுக்கு வந்து அந்தத் தெருவில் புதிதாகத் திறந்த பேக்கரியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசியது யார்? சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், மேடை அலங்காரம் எவ்வளவு அழகு என்று மட்டும் வீட்டில் வர்ணித்தது யார்? பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா? நீரூற்றைப் பற்றி அதிகம் பேசுகிறவரைக் கவனியுங்கள். முதலில் கண்ணாடியில் கவனியுங்கள்.

இப்படி ஒரு தத்துவத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டு, வீரரை நானே பிடித்துவிட்ட பெருமையில், வண்டிகள் நிற்கிற வேப்பமரத்தடிக்கு வந்தேன். அங்கிள் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றிருந்தார். கிட்டே வரச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"அந்தச் சாமான் இன்னான்னு தெரிஞ்சவங்க அந்த ரூம்புல ரெண்டே பேருடா. பைல போட்டது நான் இல்ல."

ஆடவில்லை என்று சொன்னீர்களே என்று எதையோ முனகினேன்.

"ஆடல. சத்தியமா ஆடல. உள்ள போனேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மாம் பெரிய மாலு, உக்கார ஒரு பெஞ்சு கெடையாது. கடைக்குள்ள சேர் கீது, வாங்கறவனுக்கு. முட்டி வலி உயிர் போச்சு. ஆட்டக்கூடத்துலதான் சேரு. சும்மா உக்காந்தா எழுப்பிடுவானோன்னு ஒரே ஒரு வில்ல வாங்கி, கையில புடிச்சிகினே உக்காந்துனு இருந்தேன். டீகூட குடுத்தாங்க. அப்பறம் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். நெசமான வில்ல கனமா இருக்கும். உன்னுது பஞ்சு மாதிரி கீது."

யாருக்கும் தெரியாது அங்கிள், விட்டுவிடுங்கள் என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

அவர் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி நாளு ஊருக்கெல்லாம் சொல்லிகினு கெடந்தேன், ஒண்ணும் தோணல. இன்னிக்கு அவ மூஞ்சியப் பாத்தியா? ரெண்டு கேள்வி கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். ஒடனே நம்பிட்டாடா."

ஆன்ட்டி காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன ரகசியம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்றேன். "கோயிலுக்கு வெளிப்பக்கம் புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்களே, சூப்பரா கீதுன்னு பேசிகினு இருந்தோம்."

அங்கிள் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடிச்சு மூணு வருசம் ஆச்சு" என்றார். ஸ்கூட்டரின் ஸ்டாண்டைச் சரியாகப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். "ஞானம், நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி தம்பி ஒண்ணு சொல்லுவான், கேளு."