தண்ணீரைக் கணக்கில் சேர்த்த குற்றம்

நெருப்பெரிச்சல்,
பிப்ரவரி 2006

அன்புள்ள மாப்பிள்ளை குகன் அவர்களுக்கு, செங்கோட்டையன் எழுதுவது. சென்னிமலை முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் அக்கா மருதம்மாளும் சுகம். தாராபுரத்தில் நீங்களும், நீங்கள் வேதியியல் நடத்தும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் மகள் கலைமகளும் சுகம்தான் என்று கேள்வி. என்னோடு அவள் பேசுவதில்லை.

காரணம் உங்கள் வேதியியல். அரையாண்டுத் தேர்வுக்கு முன்தினம், அசிட்டிக் அமிலம் தண்ணீரில் பிரிவதற்குச் சமநிலை மாறிலி எழுதிக்கொண்டிருந்தாள். மேலே சமன்பாட்டில் தண்ணீர் இருந்தது, கீழே எழுதிய பின்னத்தில் காணோம். நான் சாயப்பட்டறை மாஸ்டர். கிலோ துணிக்கு எட்டு லிட்டர் என்று தண்ணீரை வைத்த பிறகுதான் உப்பு, சோடா எல்லாவற்றுக்கும் அளவே பிறக்கும். லாரித் தண்ணீர் வராவிட்டால் பட்டறையே படுத்துவிடும். "தண்ணிய உட்டுப்போட்டு என்ன கண்ணு கணக்கு?" என்று கேட்டேன். "கரைப்பானச் சேக்கறதில்லீங்கப்பா, கெட்டிப் பொருளயும் சேக்கறதில்லீங்க" என்றாள். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கல்லும் கணக்கில்லை, சுட்ட சுண்ணாம்பும் கணக்கில்லை, கிளம்புகிற வாயு மட்டும் கணக்காம். மூட்டை மூட்டையாகக் கிடப்பதை விட்டுவிட்டுக் காற்றை எண்ணுவது என்ன படிப்பு என்று நான் பேசிய பேச்சில் பிள்ளை மிரண்டுபோய், தேர்வில் தண்ணீரைச் சேர்த்து எழுதிவிட்டது. டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

சரி, நமக்கெதற்கு வம்பு என்று, "இனிமே தண்ணியக் கண்ட எடத்துலெல்லாம் அடிச்சுப்போடு கண்ணு" என்றேன். திருப்புதல் தேர்வில் அதே அமிலம் வந்தது, இந்த முறை ஆல்கஹாலோடு. எஸ்டரும் தண்ணீரும் உண்டாகிறதாம். பிள்ளை தண்ணீரை அடித்தது. டீச்சர் பிள்ளையின் விடையை அடித்தார். அன்றிலிருந்து, நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதே, "அப்பாவுக்குச் சோறு போதுமான்னு கேளுங்கம்மா" என்று உங்கள் அக்காவிடம் சொல்கிறாள். சுண்ணாம்புக் கல்லின் நிலைமைதான் எனக்கும். வீட்டில் இருக்கிறேன், கணக்கில் இல்லை. அடுத்த மாதம் பொதுத் தேர்வு. என்மேல் இத்தனை வெறுப்போடு அவள் பரீட்சை எழுதப் போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் புறப்பட்டு வந்து, தப்பு டீச்சருடையது, அப்பாவுடையது அல்ல என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகள் நோய்நொடியின்றி நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
செங்கோட்டையன்

பி.கு.: தபாலில் போட உங்கள் அக்காவிடம் கொடுத்த இந்தக் கடிதத்தைக் கலைமகள் வாங்கிப் படித்துவிட்டாள். கடிதத்தோடு நேரே என் முன்னால் வந்து நின்று, "டீச்சர் போட்டதுதான் சரிங்கப்பா. எஸ்டர்ல தண்ணி கரைப்பான் இல்லீங்க, புதுசா உண்டாகற பொருளு. மத்த மூணு மாதிரி அதும் கணக்குல வரோணும். மாமாவ வரச்சொல்லி என் மானத்த வாங்காதீங்க" என்றாள். விளங்கவில்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் தடவை நன்றாகவே விளங்கியது. விளங்கவில்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம்.