செவலைப் பசுவும் என் மன அமைதியும்

'டென்ஷன் ஆகாதீங்க' என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே எனக்கு டென்ஷன் ஆகிவிடும். நாட்டில் நடக்கும் பாதிச் சண்டைகளுக்கு இந்த ஆறுதல் வார்த்தைதான் காரணம் என்பது என் கட்சி. ஆனால் சொன்னவர் டாக்டர். பிரஷர் பட்டையைக் கையிலிருந்து அவிழ்த்துக்கொண்டே, "ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"டிவியில விவாதம் பாப்பேன்."

"அதை விடுங்க. மனசு லேசாகுற மாதிரி எதாவது செய்யுங்க."

மகள் வாட்டர் கலர் பெட்டி ஒன்றை வாங்கித் தந்தாள். கூடவே செல்போனில் ஒரு வகுப்பு. தேனில் ஊறிய குரலில் ஓர் அம்மையார் அதில் பேசுவார். "தூரிகையைத் தொடாதீங்க. முதல்ல பாருங்க. ஒரே பொருளை ரொம்ப நேரம் பாருங்க. அதுவும் நீங்களும் மட்டும்தான் இருக்கீங்க." நானும் ஒரு தக்காளியைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி செல்வி அதை எடுத்து ரசத்தில் போட்டுவிட்டாள். (கேட்டால், "அழுகிடப் போகுதுங்க" என்கிறாள்.) மதுரையில், அடுக்குமாடி வீட்டில், அமைதியாகப் பார்க்க என்ன இருக்கிறது? எதிர்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வியோடு அவள் ஊருக்கு வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற வழியில் இருக்கிற ஊர். மச்சான் பாண்டி வீட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம். மரத்தடியில் பக்கத்து வீட்டு ஒச்சம்மா அக்காவின் செவலைப் பசு. புதிதாகக் கன்று போட்டிருந்தது. முதல் ஈத்து. கன்றுக்குட்டியாக இருந்ததிலிருந்து அக்கா அதைப் பிள்ளை மாதிரி வளர்த்ததாகவும், இனி அந்த வீட்டில் அடுப்பெரிவதே அதன் பாலை நம்பித்தான் என்றும் மச்சான் சொன்னார். கேட்டுக்கொண்டேன். கேட்டதோடு எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பசுவுக்கு எதிரே உட்கார்ந்தேன். பார்த்தேன். வேப்பிலைகளின் ஊடே விழுந்த வெயில் அதன் முதுகில் சில்லறையாகச் சிதறிக் கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அந்தச் சில்லறை ஏறி இறங்கியது. ஈ ஒன்று உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து அடங்கியது. எத்தனை வருடத்துக்குப் பிறகு என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது!

"என்ன மாப்ள, மாடு வாங்கப் போறீகளா?" என்றார் சைக்கிளில் போன ஒருவர்.

"இல்லண்ணே, பாக்குறேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்குப் பாக்கணும்?" என்று இறங்கி அவரும் நின்றுவிட்டார். அவர் என்ன பார்க்கிறார் என்று பார்க்க நாலு பேர் வந்தார்கள். அந்த நாலு பேரைப் பார்க்கத் தெருவே வந்தது. 'அதுவும் நீங்களும் மட்டும்தான்' என்று செல்போனில் அம்மையார் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அன்றைக்கு வண்ணம் என் பேச்சைக் கேட்டது. ஈரத்தாளில் செம்பழுப்பு தானாகப் பரவி, விலாவாகி, அடிவயிறாகி நின்றது. வாழ்க்கையில் நான் வரைந்ததில் நாலு கால் உள்ளது என்று அடுத்தவர் ஒப்புக்கொண்ட ஒரே மாடு அதுதான்.

சாயங்காலம் ஒச்சம்மா அக்கா சொம்போடு வந்து பால் கறக்க உட்கார்ந்தார். செவலை ஓர் உதை விட்டது. சொம்பு என் காலடிக்கு உருண்டு வந்தது. கன்றை ஊட்டவிட்டுப் பார்த்தார், தடவிக் கொடுத்துப் பார்த்தார். சொட்டுப் பால் இறங்கவில்லை. அக்காவின் முகம் இருண்டுவிட்டது.

ஊர் மாப்பிள்ளையை நேராக வைய முடியாது. அது முறையில்லை. அதனால் மாட்டைப் பார்த்து வைதார்.

"ஏ செவலை, ஒன்னைய எந்தக் கொள்ளிக்கண்ணு பாத்துச்சோ! வேல வெட்டி இல்லாம உக்காந்து மொறச்சவன் கண்ணு அவிய!" பிறகு என் பக்கம் திரும்பி, "காப்பி குடிச்சீகளா மாப்ள?" என்றார்.

"எம்புட்டு நேரமாப் பாத்தாக?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"மத்தியானச் சோத்துல இருந்து." சைக்கிள்காரர் சாட்சி சொன்னார். (அவர் பார்த்தது கணக்கில் வராதாம்!)

மச்சான் மெதுவாக என் காதருகே குனிந்தார். "மாப்ள, கொஞ்சம் எந்திரிங்க. ஒங்க காலடி மண்ணு வேணுமாம். சுத்திப் போடணுமாம்."

"என்ன மச்சான், படிச்சவர் நீங்களுமா?"

"படிச்சவன்தான். இதே தெருவுலதான குடியிருக்கணும்?"

என் கண்ணெதிரே என் செருப்படி மண்ணை அள்ளினார்கள். உப்பு, மிளகாயோடு சேர்த்துச் செவலையைச் சுற்றினார்கள். அதோடு விட்டார்களா? "அந்தப் படத்தையும் குடுங்க மாப்ள. மாட்டை அதுக்குள்ளல்ல புடிச்சு வச்சிருக்கீக!" என்றார் அக்கா. ஈரம் காயாத என் உயிர் ஓவியம் நாலாக மடிக்கப்பட்டு, சுற்றிய மண், மிளகாயோடு கங்குச்சட்டிக்குள் போனது.

இனிதான் தீர்ப்பு. மிளகாய் நெடி ஏறி எல்லோரும் இருமினால் கண்ணேறு இல்லை, நான் நிரபராதி. நெடியே வராவிட்டால் கண் பட்டது உறுதி. தெரு முழுக்க மூச்சை இழுத்தது. ஈரத்தாள் தணலை மூடிவிட்டது ஐயா! வெறும் புகைதான் வந்தது. மிளகாய் எரியவே இல்லை! இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? என் மனைவி, தாலி கட்டிய என் சொந்த மனைவி, மூக்கை நீட்டி மோந்துவிட்டு, "ஒண்ணுமே வரலையே" என்றாள்.

வேறு வழியில்லாமல் நானே இருமினேன். பலமாக இருமினேன்.

"நீங்க எதுக்கு இருமுறீக?" என்றார் அக்கா. தெரு சிரித்தது.

வேடிக்கை முடிந்து கூட்டம் கலைந்தது. சத்தம் அடங்கியதும் செவலை சாதுவாக நின்றது. சொம்பில் பால் நுரைத்து ஏறியது. கூட்டத்தில் மிரண்ட மாடு, கூட்டம் போனதும் தெளிந்துவிட்டது. இதில் என் கண் எங்கே வந்தது? தொண்டை வற்றக் கத்தினேன். அக்கா அந்தப் பாலிலேயே காப்பி போட்டுக் கொண்டுவந்தார், டம்ளரை முந்தானையால் மூடியபடி. "பாக்காம குடிச்சிருங்க மாப்ள."

இன்றைக்கும் செல்வியின் சொந்தத்தில் விசேஷ வீட்டுக்குள் நான் நுழைந்தால் பிள்ளைகளின் கன்னத்தில் மைப்பொட்டு பெரிதாகிறது. பிரியாணி அண்டாவைக் கடக்கும்போது யாராவது என் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். மச்சான் அந்த இருமலை நடித்துக் காட்டாத கல்யாணம் இல்லை.

போன மாதம் அந்தச் சைக்கிள்காரர் பை நிறைய வேர்க்கடலையோடு மதுரைக்கே வந்துவிட்டார். வெகுநேரம் மழை பேசினார், விதை பேசினார். கடைசியில் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எம் பங்காளி மாடி வச்சு வீடு கட்டிருக்கான் மாப்ள. நீங்க வந்து அதை ஒரு படம் போட்டுத் தரணும். அவசரமில்ல. ரெண்டு நாளு தங்கி, நல்லாப் பாத்துப் போடுங்க."