டம்ளரின் மார்பளவு

இந்த முறை என் மனைவியை ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை ஜெயித்ததில்லை. சமமாக முடிந்ததுகூட இல்லை. ஆனால் இந்த முறை நியாயம் என் பக்கம் இருந்தது. போதாததற்கு டாக்டர் அம்மாவும் என் பக்கம் இருந்தார். அது அவருக்கே தெரியாது.

நான் தையல்காரன். வீட்டின் முன்னறைதான் கடை. என் மெஷினுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு திரை மட்டும். அந்தப் பக்கம் காப்பித்தூள் டப்பாவின் மூடி திறந்தால், இந்தப் பக்கம் என் கால் தானாகவே பெடலை மிதிக்கும். முதல் வாய்க்குக் கண் திறக்கும். இரண்டாவது வாய்க்கு ஊசியின் காது தெரியும். மூன்றாவது வாய்க்கு, சொன்ன தேதிக்கு முன்னால் வந்து நிற்கிற வாடிக்கையாளர்கூட நல்லவராகத் தெரிவார். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? நான்காவது வாய் வேண்டும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கேதான் கட்டை விழுந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை என்று டாக்டர் அம்மாவிடம் போனோம்.

"ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிப்பீங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "ஏழு, டாக்டர்."

"ஆறு," என்றேன்.

"ஏழாவது பக்கத்து வீட்டுல."

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இனிமே காலையில ஒரு டம்ளர். அதோட சரி," என்றார் டாக்டர் அம்மா. எழுதிக்கூடக் கொடுக்கவில்லை. என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து வீட்டிலேயே சின்ன டம்ளர் எதுவோ அதில் ஒன்று கிடைத்தது. தொண்டையை நனைத்துவிட்டு வயிற்றுக்குப் போகாமலேயே அது தீர்ந்துபோனது. அதன் பிறகு நாள் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருந்தது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தது. நூல் கோக்காத மெஷினை ஒரு முழுச் சட்டைக்கு ஓட்டினேன். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தேன். தெருவும் என்னைப் பார்த்தது. திரும்பி வந்து, ஏற்கெனவே இஸ்திரி போட்ட துணிக்கே இஸ்திரி போட்டேன்.

ஒரு சாயங்காலம் பஸ் கண்டக்டர் வந்தார், நான் தைத்துக் கொடுத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு.

"என்னங்க இது? பாக்கெட்டுல கையே போகல!"

பார்த்தேன். பாக்கெட்டின் நாலு பக்கமும் தைத்திருந்தேன். தையல் நல்ல தையல். குறை சொல்ல முடியாது.

"நாலு பக்கமும் மூடிட்டா சில்லறையை எங்க போடறது? வாயிலயா?"

"கொடுங்க, பிரிச்சுத் தர்றேன்."

"இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு கையும் இடது கை."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு போனதும் மனைவி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

அந்தச் சட்டையைப் பிரிக்கும்போதுதான் பொறி தட்டியது. டாக்டர் அம்மா சொன்னது ஒரு டம்ளர். எவ்வளவு பெரிய டம்ளர் என்று சொன்னாரா? சொல்லவில்லை! சட்டை என்றால் போதுமா, அளவு வேண்டாமா?

"ஏம்மா, இங்க வா."

"என்ன, மறுபடியும் பாக்கெட்டா?"

"டாக்டர் ஒரு டம்ளர்னு சொன்னாங்க இல்ல?"

"ஆமா."

"எந்த டம்ளர்னு சொன்னாங்களா?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லலதான்."

"அப்ப டம்ளரை நான்தான் பார்த்து எடுப்பேன்."

"எடுத்துக்கோங்க."

"எவ்வளவு பெருசா இருந்தாலும்?"

"எவ்வளவு பெருசா இருந்தாலும். ஆனா ஒரு தடவைதான். அப்புறம் மாத்தச் சொல்லிக் கேக்கக் கூடாது. கூடக் கொஞ்சம்னு கெஞ்சக் கூடாது. பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது."

"போகமாட்டேன்."

"சத்தியமா?"

"இந்தக் கத்தரிக்கோல் மேல சத்தியம்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் காப்பி ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவளும் கூடவே வந்தாள்.

பாத்திரக்கடையில் டம்ளர்கள் ஆள் உயர அலமாரியில் வரிசையாக நின்றன. கடைக்காரரிடம் கேட்டிருந்தால் எது பெரியது என்று எடுத்துக் கொடுத்திருப்பார். எனக்கோ புது ஆளிடம் கேள்வி கேட்க நாக்கு எழாது. என் நாக்கு என் டேப்தான். எந்த மனிதரையும் நான் எடை, உயரம் என்று கேட்டதில்லை. டேப்பைச் சுற்றினால் அவரே சொல்லிவிடுவார்.

டம்ளர்களுக்குச் சுற்றினேன். ஒல்லி டம்ளர், கழுத்து இறுகின டம்ளர், இடுப்பு மெலிந்த டம்ளர். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மூலையில் நின்றான் ஒருவன். அகன்ற மார்பு, நேரான முதுகு, பயில்வான். டேப்பைச் சுற்றினேன். மார்பளவு பதினான்கு அங்குலம்! கையில் எடுத்தால் நல்ல கனம். வாய்க்குள் காகிதம் அடைத்துப் புத்தம் புதிதாக இருந்தான்.

கடைக்காரர் ஓடி வந்தார். "ஐயா, அது வந்து..."

"ஷ்ஷ்," என்றாள் என் மனைவி. "அவர் அளவு எடுக்கும்போது யாரும் பேசக் கூடாது. கோபம் வரும்."

"இல்லம்மா, அந்த டம்ளர்ல ஒரு..."

"அவருக்குத் தெரியாததா? அவர் அளவுல எத்தனை பேர் சட்டை போட்டிருக்காங்க தெரியுமா?"

என்னைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடேயே காகிதத்தைக்கூட எடுக்காமல் டம்ளரைக் கட்டச் சொன்னேன்.

மறுநாள் காலை விடிவதற்கு முன்பே மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே தூள் டப்பா திறந்தது. கால் பெடலை மிதித்தது. பால் பொங்குகிற சத்தம். டிகாக்ஷன் விழுகிற வாசனை. திரை விலகியது. பயில்வான் வந்தான், விளிம்பு வரை நுரையோடு.

இரண்டு கையாலும் வாங்கினேன். ஒரு வாய் குடித்தேன். இரண்டாவது வாய். மூன்றாவது வாய்க்கு டம்ளரைச் சாய்த்தால், அடி தெரிகிறது! மூன்று மிடறுதான் மிச்சம்.

"என்னம்மா இது? பாதி டம்ளர்தான் ஊத்தினியா?"

"வழிய வழியத்தானே கொடுத்தேன்?"

டம்ளரைச் சிந்தாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளியே ஒரு சுவர். உள்ளே ஒரு சுவர். நடுவே ஒரு விரல் இடைவெளி.

"சூடு ஆறாம இருக்க ரெட்டைச் சுவர் வெச்சது," என்றாள். "நீங்க கோட்டு தைப்பீங்களே, அந்த மாதிரி. லைனிங் வெச்சா உள்ள இடம் குறையும்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்வீங்களே."

மனிதனை வெளியே அளந்தால் போதும், உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. டம்ளர் அப்படி இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கோபத்தோடு மிச்சம் இருந்ததில் ஒரு மிடறு உறிஞ்சினேன். அப்போதுதான் கவனித்தேன். கொதிக்கக் கொதிக்க அப்படியே இருக்கிறது. ஏழு டம்ளருக்கான தூளை ஒன்றிலேயே கொட்டினாளோ என்னவோ, அப்படி ஒரு கெட்டி. அந்த மிடறு நாக்கில் இறங்கி, நெஞ்சில் நின்று, நெற்றியில் விளக்குப் போட்டது. தெருவில் போகிற அத்தனை பேருக்கும் இலவசமாகச் சட்டை தைத்துக் கொடுக்கலாம் போலிருந்தது. கல்யாணமானதிலிருந்து அவள் போட்ட காப்பியில் இதுதான் காப்பி.

ஆனால் அதை வெளியே சொல்லலாமா? சொன்னால் இதே அளவு நிரந்தரமாகிவிடும். காப்பி சரியில்லை என்று முகம் காட்டினால், அவள் மனம் இளகி இன்னொரு டம்ளருக்கு வழி பிறக்கும். முகத்தைச் சுளித்தேன். நன்றாகவே சுளித்தேன்.

"என்னங்க, நல்லா இல்லையா?"

"கசக்குது."

"ரொம்பவா?"

"வாயில வெக்க முடியல. எப்படியோ குடிச்சுத் தொலைக்கிறேன்."

"அடப் பாவமே," என்று என் கையிலிருந்த டம்ளரை மெல்ல வாங்கினாள். மீதி இருந்த கடைசி இரண்டு மிடற்றையும், மிக நல்ல மிடறுகள் அவை, நின்றுகொண்டே குடித்து முடித்தாள்.

"நாளையிலேர்ந்து உங்களுக்கு வெந்நீர் போதும்," என்றாள்.