ரோஜாவுக்கு விளக்கு போட்ட விவரம்

ராயபுரம்,
அக்டோபர் 14.

அன்புள்ள மாப்பிள்ளை அலெக்ஸாண்டர் அவர்களுக்கு,

மச்சான் இக்னேஷியஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நானும் ஜானட்டும் சுகம். பூனாவில் நீங்களும் சாவியோவும் மருமகளும் பேரப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜானட்டுக்கு முட்டிவலி தேவலை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் ரோஜாச் செடி செத்துவிட்டது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் திட்ட மாட்டீர்கள், "பரவால்ல மச்சான்" என்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என் தங்கை லூர்து தன் கையால் நட்ட செடி. அவள் போன இந்த மூன்று வருஷமும் கல்லறைத் திருநாளன்று அதிலிருந்து ஒரு பூவாவது பறித்து அவள் தலைமாட்டில் வைக்காமல் நீங்கள் இருந்ததில்லை. "மச்சான், நவம்பர் ரெண்டுக்கு ஒரே ஒரு பூ, வேற இன்னா கேக்கப் போறேன்" என்று ஜூன் மாதம் அதை நீல பெயிண்ட் பக்கெட்டோடு என் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறினீர்கள். நீங்கள் ஏறிய மறுவாரமே எதிரில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் நாலாம் மாடிக்கு எழும்பி என் ஜன்னல் வெயிலை மறைத்துவிட்டது. மொட்டை மாடியை வீட்டுக்காரர் பூட்டி, சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கிறார். இலை மஞ்சளாக ஆரம்பித்தது. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் ஒரு செடிக்கு வெயில் செய்து கொடுக்க மாட்டானா என்று ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஹுமாயூன் என்று ஒரு கடைக்காரர். செடி வளர்க்கச் சிவப்பில் எட்டு, நீலத்தில் எட்டு என்று பொட்டு சைஸில் பதினாறு எல்.இ.டி. சிப் கொடுத்தார். அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கிற டப்பாவுக்கு டிரைவர் என்று பெயராம். "நைனா, சிப்பு முந்நூறு மில்லி ஆம்ப்ஸ், டிரைவரும் முந்நூறு. ஒண்ணு பின்னால ஒண்ணா ஒரே வரிசையா கோத்துடு. எல்லா சிப்போட வோல்ட்டையும் கூட்டினா, டிரைவர் மேல எழுதிகீற ரெண்டு நம்பருக்கு நடுவுல வரணும். அவ்ளோதான்" என்றார். யாரிடம் சொல்கிறார்? ஐந்து டன் சரக்கென்றால் பத்து டன் ரோப்பு போடு, அப்போதுதான் பத்திரம் என்று பழகியவன் நான். அதையே அவரிடமும் சொல்லி, முந்நூறு வேண்டாம், அறுநூறு கொடு என்றேன். "வேணாம் நைனா, இந்த டிரைவர் அறுநூறுன்னா அறுநூறையும் உள்ள தள்ளும், சிப்பு தாங்காது" என்றார். பெட்டிக்கடைக்காரனுக்கு என்ன தெரியும் என்று அறுநூறையே வாங்கி வந்தேன்.

ஜானட்டின் அலுமினியத் தாம்பாளத்தில் சிப்புகளைப் பசை வைத்து ஒட்டி, செடிக்கு ஒரு சாண் மேலே கட்டித் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டேன். அப்பப்பா, என்ன வெளிச்சம்! மார்தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். டீ ஆறுவதற்குள் அந்த அறுநூறு தள்ளிய சூட்டில் பசை இளகி, கட்டு அவிழ்ந்து, தாம்பாளம் செடி மேலேயே விழுந்தது. நடுக்கிளை முறிந்தது. தாம்பாளம் போனதற்கு ஜானட் என்னை ஒரு மணி நேரம் திட்டினாள். செடிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஞாயிறுதோறும் செடிக்கு உரமாகும் மீன் கழுவிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திருவொற்றியூரில் மகள் ஜூடி வீட்டுக்குப் போகிறவள், இந்தச் செடிக்கு அதில் ஒரு மடக்கு ஊற்றியதில்லை. கல்நெஞ்சக்காரி என்றுதான் நினைத்தேன்.

நான் விடுவேனா? அறுநூறை இரண்டாகப் பிரித்தால் முந்நூறு முந்நூறு, கணக்கு சரி. புதுச் சிப் வாங்கி வந்து சிவப்பு ஒரு வரிசை, நீலம் ஒரு வரிசை, இரண்டும் பக்கம் பக்கமாக அதே டிரைவரில். மாதா கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டிய அனுபவம் எனக்கு இல்லாததா? ஆனால் சிவப்புக்கு வோல்ட் கம்மியாம். கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்காரன் மாதிரி அறுநூறையும் அதுவே தின்றது. நீலம் எட்டும் எரியாமல் பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்பு கருகி அந்த வரிசை அணைந்தது. உடனே அறுநூறும் நீலத்தில் பாய்ந்து அதுவும் முடிந்தது. வீடெல்லாம் கருகல் நாற்றம், செடியில் மிச்சம் நாலு இலை.

வெட்கத்தை விட்டு ஹுமாயூனிடம் போனேன். "இன்னா நைனா, ரோப்பு அறுந்துச்சா?" என்று கேட்டுவிட்டு முந்நூறு டிரைவரைக் கையில் வைத்தார். இந்த முறை அவர் சொன்னபடியே ஒரே வரிசை, கூட்டினேன், நடுவில் வந்தது. எரிந்தது பாருங்கள், அழகான ஊதா வெளிச்சம்! மழை இருட்டின சாயங்காலம், ஜன்னல் முழுக்க ஊதா. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் தெருவில் நின்று, "ஐயோ, மாதா வந்துகீதுடி! இக்னேசு வூட்டு ஜன்னல்ல நிக்குது பாரு!" என்று கத்தினாள். பத்து நிமிஷத்தில் என் வாசலில் நாற்பது பேர் முட்டி போட்டு ஜெபமாலை. யாரோ மெழுகுவர்த்தி விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் பங்குச் சாமியார் அருள்நாதன் மாடியேறி வந்தார். லுங்கியும் ஒயர் பற்றவைக்கிற சோல்டரிங் கம்பியுமாக நான் நின்றேன்.

"இன்னாப்பா இது?"

"செடிக்கு வெயில், சாமி."

"செடி எங்க?"

பக்கெட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "இது குச்சிப்பா" என்றார்.

மாப்பிள்ளை, விளக்கு நன்றாக எரிகிறது. செடிதான் இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி நீங்கள் வெறுங்கையோடு என் தங்கை முன்னால் நிற்கப் போவது என்னால்தான். பூக்கடையில் கூடை கூடையாக வாங்கித் தருவேன், ஆனால் அது அவள் பூ ஆகாது என்று எனக்கும் தெரியும். மன்னித்துவிடுங்கள்.

சாவியோவுக்கும் மருமகளுக்கும் என் ஆசீர். பேரப்பிள்ளைக்கு நெற்றியில் ஒரு சிலுவை போட்டு என் பெயரைச் சொல்லுங்கள். உங்களைப் பரிசுத்த மாதா காப்பாராக, முக்கியமாக என்னிடமிருந்து.

இப்படிக்கு,
பாவி மச்சான்
இக்னேஷியஸ்

பி.கு.: கவரை ஒட்டும்போது ஜானட் பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டு, மூச்சு முட்டும்வரை சிரித்தாள். நான் சோல்டரிங் கம்பியைக் கையில் எடுத்த அன்றே உங்கள் செடியை ஜூடியின் ஸ்கூட்டரில் திருவொற்றியூர் மாடிக்கு ஏற்றிவிட்டாளாம். நான் கொன்றது டோல்கேட் பக்கம் தள்ளுவண்டியில் வாங்கின வேறொரு ரோஜா. அதைத்தான் உங்கள் நீல பக்கெட்டில் நட்டு வைத்திருக்கிறாள். மின்சாரம் பார்க்கிற கண்ணுக்குச் செடி மாறியது தெரியவில்லை. மீன் தண்ணீர் எங்கே போனது என்று இப்போது புரிகிறது. உங்களுடையதில் ஏழு மொட்டு.

இது ஜானட்டின் யோசனையும் இல்லையாம். லூர்து ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சொல்லி வைத்தாளாம்: "அண்ணி, அவரு எங்கயாவது போனா ரோஜாவ அண்ணன்கிட்டதான் குட்த்துட்டுப் போவாரு. அண்ணன் சும்மா வுடாது, எதயாவது கழட்டி மாட்டும். நீ பாத்துக்க. ஆனா அதுகிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்."

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நானும் சிரித்தேன். மாப்பிள்ளை, இந்தக் குடும்பத்தில் என்னை நம்பிச் செடி கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். அதற்கு நன்றி.