டாலிவர் அம்மாளின் ஒன்பது படிகள்

"உப்பைத் தொட்டே, அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிடு எல்வுட். ஆஸ்பத்திரியிலேர்ந்து பதினொரு மணிக்கு வந்துடுவேன். புது இடுப்பெலும்பு. படி வழுக்கவும் கூடாது, கல்லும் உதிரக் கூடாது."

வீட்டுக்காரி டாலிவர் அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

எல்வுட் ஜன்னல் வழியே பார்த்தான். புரூக்ளின் தெரு பனிக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. வாசற்படிகள் ஒன்பதும் ஒன்பது தலையணைகளாகியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால்தான் அவனுக்கு அந்த வீட்டில் மாடி அறை.

படிகள் பழுப்பு மணற்கல். உப்பு தூவினால் பனி உருகிவிடும்; ஆனால் இந்தக் கல் பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். உப்புநீரைக் குடித்துவிட்டால், ஈரம் காய்ந்தபின் உப்பு உள்ளேயே கெட்டியாகி வளர்ந்து, கல்லின் தோலை உரித்துத் தள்ளும்.

படிகளுக்கு அடியில், தெருமட்டத்தில் இருந்த சின்னக் கதவு வழியாக வெளியே வந்தான். மெத்தென்ற துடைப்பத்தால் பெருக்கினான். தலையணைகள் போயின. அடியில் பளபளவென்று ஐஸ்.

பக்கத்து வீட்டு ரோக்கோ தன் சிமெண்ட் படிகளுக்குத் தாராளமாக உப்பு தூவிக்கொண்டிருந்தார். "என்னப்பா, பெருக்கறியா, மெழுகு போடறியா? பனி இருந்தப்பவாவது கால் பதிஞ்சுது. உப்பு வேணுமா?"

"ஐயோ, அதைக் கண்ணுல காட்டாதீங்கண்ணே!"

சின்னக் கதவுக்குள் போய் மரக்கரண்டியோடு வந்தான். மெல்லச் சுரண்டினான். கல்லின் துளைகளுக்குள் ஐஸ் வேர்விட்டிருக்கும். அதைப் பெயர்த்தால் கல்லும் கூடவே வரும். வந்தது, கட்டைவிரல் நகமளவு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுபடி சின்னக் கதவு. இந்த முறை கெட்டில் நிறைய வெந்நீர். ஊற்றியதும் ஆவி எழுந்து, அரை நிமிடம் எல்வுட் ஒரு மேகத்துக்குள் நின்றான். ஆனால் கல்லின் வயிற்றில் ராத்திரிக் குளிர் மிச்சமிருந்தது. அது வெந்நீரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு நீரை உறைய வைத்தது. இப்போது ஐஸ் இன்னும் தடிமன். தேனுக்குள் கிடப்பதுபோல் கல் மின்னியது.

"எவ்ளோ அழகு!" என்றான் தன்னை மறந்து.

"அந்தம்மா விழுந்தா இன்னும் அழகா இருக்கும்" என்றார் ரோக்கோ.

மீண்டும் கதவு. பூந்தொட்டி மணலைத் தூவினான். அது கண்ணாடிமேல் உருண்டு தெருவுக்கு ஓடியது. ஒட்டிக்கொள்ளட்டும் என்று மிச்ச வெந்நீரைத் தெளித்தான். மணல் ஐஸுக்கு உள்ளே போய், பாகில் விழுந்த எள்ளாக நிம்மதியாக உறைந்தது. மேலே வழவழப்பு அப்படியே.

பத்தே முக்கால். கெட்டிலை இடுக்கிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்து உச்சிப்படிக்குத் தவழ்ந்தான். தெருவுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, ஐஸ்மேல் வாயால் ஊதினான். காசளவு ஈரம் விரிந்தது. எதிர்க் கூரைக்கு மேல் வெயில் வந்தது. ஈரத்தில் ஏழு நிறங்கள் மிதந்தன. ஊதினான். நிறங்கள் நகர்ந்தன. தெருவும் இல்லை, மணியும் இல்லை.

கீழே யாரோ கனைத்தார்கள். ரோக்கோ.

"அண்ணே," என்றான் எல்வுட் திரும்பாமலே, "அவங்க வந்துட்டா என்னண்ணே சொல்றது?"

"அவங்க வந்து இருபது நிமிஷம் ஆச்சு. காலைலேர்ந்து நீ போய்ப்போய் வர்றியே, அந்தச் சின்னக் கதவு வழியாத்தான் கூட்டிட்டுப் போனேன். காபி போடணுமாம், படி கிடக்கட்டும், கெட்டிலைக் கொண்டாங்கறாங்க!"