ஊறப்போட்ட அரிசியில் ஒரு போன்

இந்த வருட சொங்க்ரான் தண்ணீர்ப் பண்டிகையில் ஒரு கொலை செய்வது என்று தீர்மானித்தேன். பயப்படாதீர்கள், ஆளை அல்ல. ஆளைக் கொல்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் இருபத்திரண்டு வருடமாக வீட்டுத் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன்? நான் தீர்த்துக்கட்ட நினைத்தது என் மனைவி புஸ்ஸபாவின் போனை.

காரணத்தைக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் பேசுவீர்கள். ஆண்களாவது பேசுவீர்கள்.

லம்பாங் ஊரில் தண்ணீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் மீட்டர் பார்த்தவன் நான். ஊரிலுள்ள அத்தனை நாய்களுக்கும் என் கெண்டைக்காலின் ருசி தெரியும். போன டிசம்பரில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. நாற்காலி, மின்விசிறி, நாய் வராத அறை. ஆசை யாரை விட்டது? நேரே சந்தைமுனைச் சாமியிடம் போனேன். கேட்டதைக் கொடுக்கிற சாமி. ஆனால் வேண்டுதலை நிறைவேற்றாவிட்டால், கொடுத்ததோடு இருந்ததையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்வார் என்று பேர்.

எல்லோரும் மனசுக்குள் வேண்டுவார்கள். நான் வாய்விட்டு வேண்டினேன். பக்கத்தில் நாலு பேர் ஊதுவத்தியோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்களே, என் விண்ணப்பம் அவருக்குத் தனியாகக் கேட்க வேண்டாமா?

"சாமீ! அந்த வேலை எனக்குக் கிடைச்சா, பதினஞ்சு நாள் பிக்குவா இருந்து உன் வேண்டுதலை நிறைவேத்துறேன்!"

எனக்குப் பின்னால் புஸ்ஸபா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலை கிடைத்துவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பிக்குவானால் தலையை மழிப்பார்கள். எங்கள் நாட்டில் புருவத்தையும் விடமாட்டார்கள். என் அலுவலகத்தில் நாற்பத்தாறு வயதில் சீப்புக்கு வேலை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அது போதாதென்று, நண்பகலுக்கு மேல் ஒரு பருக்கை உள்ளே இறங்கக்கூடாது. சாயங்காலம் ஐஸ் போட்ட பீர் கிடையாது, கரியில் வாட்டிய சாஸேஜ் கிடையாது. அப்படிப் பதினைந்து சாயங்காலம்! நினைக்கும்போதே எனக்குப் பசித்தது.

தை மாசி போய்ப் பங்குனியும் வந்தது. ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தேன்.

"புஸ்ஸபா, நான் சாமிக்கு வேண்டிக்கிட்டது அவிச்ச முட்டைதானே? தொண்ணூத்தொம்பது?"

"என்னது?"

"முட்டை. நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாரும் முட்டைதானே படைக்கிறாங்க."

முட்டையில் ஒரு சௌகரியம் உண்டு. படைத்துவிட்டு, ஊதுவத்தி அணைந்ததும் வீட்டுக்கே எடுத்து வந்துவிடலாம். சாமிக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

புஸ்ஸபா போனை எடுத்து என் மூக்குக்கு நேராக ஆட்டினாள்.

"முட்டையா மொட்டையான்னு எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

"எங்க, போடு பார்ப்போம்."

"போடுறேன். கோயில் பெரிய பிக்கு முன்னாடி போடுறேன். இப்பப் போட்டா நீங்க அழிச்சிட்டுத்தான் மறுவேலை பார்ப்பீங்க."

"என் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"இருபத்திரண்டு வருஷ நம்பிக்கை." அப்புறம் அவள் குரல் இறங்கியது. "விளையாடாதீங்க. சாமி கோவிச்சுக்கிட்டா உங்க நாற்காலியோட நிக்காது. மயூரி தாய்வானில தனியா இருக்கா."

மயூரி எங்கள் ஒரே மகள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. புஸ்ஸபா நிஜமாகவே பயந்திருந்தாள், அது எனக்கும் தெரிந்தது. ஆனால் புருவம் என்னுடையது அல்லவா?

அந்தப் போன் அவள் முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். என் முகத்தைக் காட்டினால் திருடனைப் பார்த்த மாதிரி ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு அணைந்துவிடும். ஆகவே உள்ளே புகுந்து அழிக்க வழியில்லை. போனையே முடித்துவிட வேண்டியதுதான்.

அதற்கு சொங்க்ரானைப் போல ஒரு பண்டிகை உண்டா? மூன்று நாள் ஊரே தண்ணீர். யார் மேல் யார் ஊற்றினாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும், கோபப்படக்கூடாது. எங்கள் முன்னோர்கள் என்னை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் பை வாங்குவார்கள். நானே போய்ப் புஸ்ஸபாவுக்கு ஒன்று வாங்கினேன். இளஞ்சிவப்பு, பூப்போட்டது. தையல் ஊசியை எடுத்து அதன் அடியில் மூன்று ஓட்டை போட்டேன். பிறகு இன்னும் இரண்டு போட்டேன், கஞ்சத்தனம் எதற்கு?

"எனக்கா? நீங்களா வாங்கினீங்க?" என்று அவள் கேட்டபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

பண்டிகைக் காலையில் எதிர்வீட்டு லம்யாய் அக்காவின் கையில் மல்லிகைத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டோம். எங்கள் தெருவில் மூத்தவள் அவள்தான். "தம்பி மானித், நினைச்சதெல்லாம் நடக்கட்டும்" என்று வாழ்த்தினாள். வாழ்த்து வாங்கிய கையோடு நான் ஒரு வாளி ஐஸ் தண்ணீரைத் தூக்கிப் புஸ்ஸபாவின் கழுத்துக்கு நேராக வீசினேன். இன்னொரு வாளி. லம்யாய் அக்கா தன் பங்குக்குக் குழாயையே திருப்பினாள். பத்து மணிக்குப் பூப்போட்ட பை மீன் தொட்டி மாதிரி நிரம்பியிருந்தது.

"ஐயோ! என் போனு!"

"அடடா! எப்படி உள்ள போச்சு? பை வித்தவன் நாசமாப் போக!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நடிப்பில் குறை வைக்கவில்லை.

திரை இரண்டு முறை மின்னிவிட்டுக் கறுத்தது. லம்யாய் அக்கா ஓடி வந்தாள்.

"ஆன் பண்ணாத, ஆன் பண்ணாத! துடைச்சு அரிசில போடு. என் மருமகனுக்கு அப்படித்தான் பிழைச்சது."

"என்கிட்ட குடு," என்றேன். "நான் பத்திரமா அரிசில போட்டு வைக்கிறேன். நீ போய்த் துணி மாத்து."

போட்டேன். எங்கள் வடபகுதி வீடுகளின் சமையலறையில் எப்போதும் ஒரு பானை ஒட்டரிசி ஊறிக்கொண்டிருக்கும். ஏழு மணி நேரம் ஊறினால்தான் ஆவியில் நன்றாக வேகும். அந்தப் பானைக்குள், கழுத்தளவு தண்ணீருக்குள், போனை மெல்லப் படுக்க வைத்து மேலே நாலு கை அரிசியைத் தூவி மூடினேன்.

ஐந்து மணிக்கு உள்ளேயிருந்து அலறல் வந்தது.

"என்னங்க! அரிசில போடச் சொன்னா, ஊறப்போட்ட அரிசிலயா போடுவாங்க?"

"அரிசின்னுதானே அக்கா சொன்னாங்க? காஞ்ச அரிசியா ஊறின அரிசியான்னு சொல்லலியே!"

லம்யாய் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவனையா சூப்பர்வைசர் ஆக்குனாங்க? அதுவும் தண்ணி ஆபீசுக்கு?"

அன்று சாயங்காலம் இரண்டு பீர் குடித்தேன். சாஸேஜ் அமிர்தமாக இருந்தது. அந்தச் சோற்றை மட்டும் யாரும் தொடவில்லை.

பண்டிகை முடிந்து சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் போனைத் திறந்தாள். உள்ளே நகக்கண் அளவு ஒரு சிட்டை. "இது வெள்ளையா இருக்கணும். தண்ணி பட்டா சிவக்கும். பாருங்க, சிவந்து கிடக்கு. வாரண்டி கிடையாது."

"அடப்பாவமே," என்றேன் சந்தோஷமாக.

"உள்ள இருந்த படம், வீடியோ எல்லாம்?" என்று கேட்டாள் புஸ்ஸபா.

"வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"அப்ப கஷ்டம் அக்கா."

எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. புருவத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்தில் விசும்பல் கேட்டது. புஸ்ஸபா அழுதுகொண்டிருந்தாள்.

"வீடியோ போனாப் போகுது. மயூரி தினம் பேசி அனுப்புவா இல்ல? 'அம்மா, சாப்பிட்டியா'ன்னு. மூணு வருஷம். ஒண்ணு விடாம சேர்த்து வச்சிருந்தேன். அவ குரலைக் கேட்டுக்கிட்டேதான் நான் சமைப்பேன்."

ஐயா! இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு வீடியோவைக் கொல்லப் போய், என் மகளின் மூன்று வருடக் குரலைப் பானையில் போட்டு ஊறவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வெட்கமாக இருந்தது.

"ஏம்மா தங்கச்சி, ஒரு வழியும் இல்லியா?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "அக்கா வாங்கும்போதே விபத்துக் காப்பீடும் சேர்த்து வாங்கியிருக்காங்க. அதுல தண்ணியும் சேரும். போனை பாங்காக் லேப்புக்கு அனுப்பினா, உள்ள இருக்கிறதை மீட்க முயற்சி பண்ணுவாங்க. ஆனா என்ன தண்ணி, எவ்வளவு நேரம், எப்படி உள்ள போச்சுன்னு உள்ளதை உள்ளபடி எழுதணும். தப்பா எழுதினா தப்பாக் கழுவுவாங்க, இருக்கிறதும் போயிடும்."

புஸ்ஸபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்படி உள்ள போச்சுன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். படிவத்தையும் பேனாவையும் வாங்கினேன்.

"ஐஸ் தண்ணி, ரெண்டு வாளி," என்று எழுதினேன். "குழாய்த் தண்ணி. அப்புறம் அரிசி ஊறின தண்ணி, ஏழு மணி நேரம்."

"பை எப்படி சார் ஒழுகிச்சு?"

"ஓட்டை."

"எத்தனை ஓட்டை?"

"அஞ்சு. தையல் ஊசி."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். புஸ்ஸபாவின் அழுகை சட்டென்று நின்றது.

"உங்களுக்கு எப்படி சார் எண்ணிக்கை தெரியும்?"

"நான்தாம்மா போட்டேன்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "உரிமையாளரே வேணும்னு செஞ்சா காப்பீடு கிடையாது," என்றாள் அவள். "வேற ஒருத்தர் செஞ்சிருந்தா உண்டு. அக்கா, சார் உங்களுக்கு வேற ஒருத்தரா?"

"நல்லா வேற ஒருத்தர்தாம்மா," என்றாள் புஸ்ஸபா.

"அப்ப சரி. கடைசிக் கட்டம் சார். 'காரணம்.' இதை நிரப்பலேன்னா கம்ப்யூட்டர் படிவத்தை ஏத்துக்காது."

"சும்மா விளையாட்டுக்குன்னு போடலாமா?"

"உள்ளதை உள்ளபடி சார்."

'அம்மா, சாப்பிட்டியா' என்ற குரல் காதில் கேட்டது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உரிமையாளர் நகலைப் புஸ்ஸபா மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் புஸ்ஸபா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சந்தையில் இறங்கி எனக்கு சாஸேஜ் வாங்கினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று வாரத்தில் புதுப் போன் வந்தது. பழையதில் இருந்ததெல்லாம் அதற்குள் இருந்தது. புஸ்ஸபா முதல் செய்தியைத் தட்டினாள். "அம்மா, சாப்பிட்டியா? அப்பா இன்னிக்கு எந்த நாய்கிட்ட கடி வாங்கினாரு?" என்று மயூரி சிரித்தாள். நாங்கள் இருவரும் அழுதோம். அந்த நிமிஷத்தில் எனக்குப் புருவம் ஒரு பொருட்டாகவே இல்லை.

அடுத்த நிமிஷம் மறுபடியும் பொருட்டாகிவிட்டது.

"சரி, அந்த வீடியோவையும் போட்டுத் தொலை," என்றேன்.

"நீங்களே தேடுங்க," என்று போனை என் கையிலேயே கொடுத்தாள்.

தேடினேன். டிசம்பர் மாதம். சாமி கோயில் வாசல் படம் ஒன்று. ஊதுவத்திக் கட்டு ஒன்று. அவள் செருப்பு ஒன்று. முன்னும் பின்னும் மூன்று தடவை தேடினேன்.

"வீடியோ இல்லியே!"

"இல்லதான்."

"லேப்ல அழிஞ்சு போச்சா?"

"எடுக்கவே இல்லங்க. தூக்கிப் பிடிச்சேனே தவிர, பொத்தானை அமுக்க மறந்துட்டேன். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்."

நான் குதித்த குதியில் பல்லி சுவரை விட்டு விழுந்தது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன். "அப்ப சாட்சியே இல்ல! லம்யாய் அக்கா, நீங்களும் கேட்டுக்குங்க! முட்டை! நான் வேண்டிக்கிட்டது முட்டை! தொண்ணூத்தொம்பது!"

புஸ்ஸபா அலமாரியைத் திறந்தாள். மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். லம்யாய் அக்காவுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

"'காரணம்: சந்தைமுனைச் சாமியிடம், வேலை கிடைத்தால் பதினைந்து நாள் பிக்குவாக இருப்பதாக நான் வேண்டிக்கொண்டதற்கு ஆதாரம் இந்தப் போனில் இருப்பதால். இப்படிக்கு, மானித்.' நாலு மாசமா வெறும் போனை ஆட்டியே சமாளிச்சேன். கடைசில நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க, புண்ணியமாப் போகும்."

"புஸ்ஸபா, நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாமே..."

"பெரிய பிக்கு நேத்தே படிச்சிட்டாருங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு உங்களைப் புருவத்தோட வரச் சொன்னாரு."